வரிசையில் ஆறாவது ஆள்

நிலா, தெற்குக் குகை முகாம், மழலையர் பிரிவு
பதிவு செய்பவர்: ரோஸ்லின் அமலி, ஆசிரியை மற்றும் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்

திங்கள், 13.40

வாரக் குறிப்பு. பிள்ளைகள் ஐவரும் நலம், மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். நான் நடைபாதைக்கு இப்பால் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து தலைமையகத்துக்கான வளர்ச்சிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். துணை ஆசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டார். மாற்று ஆள் அடுத்த வாரம் வருவார் என்கிறார்கள். ஒரு மாதமாக அடுத்த வாரம்தான்.

இதை யார் படிப்பார்களோ தெரியாது, அதனால் ஒரு விளக்கம். இவர்களுடைய பெற்றோர் துருவத்துப் பனிச் சுரங்கத்தில் வேலை செய்கிறார்கள். அங்கே கதிர்வீச்சு அதிகம், வளரும் உடம்புக்கு ஆகாது. ஆகவே வாரநாட்களில் பிள்ளைகள் இந்தக் குகையில் என் பொறுப்பில். எல்லோருக்கும் நான்கு வயது. விளையாடவிட்டுச் சம்பளம் வாங்குகிறேன் என்று பொறியாளர்கள் கேலி செய்வதுண்டு. அவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும்.

செங்கொடி சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறாள். ஒன்று மாறினாலும் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். சட்டம் பேசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஷிஃபானா மூன்று வேலைகளை ஒன்றாகச் சொன்னாலும் வரிசை பிசகாமல் செய்கிறாள், மற்றவர்களையும் செய்ய வைக்கிறாள். பரிதி கடிப்பதை விட்டுவிட்டான். "எனக்குக் கோவமா இருக்கு" என்று வாயால் சொல்கிறான். அவனுடைய இரட்டை ஆதினியின் கையில் இந்த மாதம் பல்தடம் இல்லை. டெனிஸுக்குக் கழிப்பறையில் இன்னும் துணை வேண்டும்.

எண்கள். நிலாவில் எந்தக் கதவுக்குப் பின்னால் காற்று இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே முதல் பாடமே வரிசைதான். முன்னால் நிற்பவர் ஒவ்வொருவர் தலையாகத் தொட்டு எண்ண வேண்டும். எல்லோரும் இருந்தால்தான் கதவைத் திறக்கலாம். ஐந்து பேரோடு நிறுத்தினால் ஒரு கை விரல்களோடு கணக்கு முடிந்துவிடுகிறது, அடுத்த கைக்குத் தாவ மாட்டேன் என்கிறார்கள். அதனால் நானும் கடைசியில் நின்றுகொண்டேன். நான் குனிவேன், தலையைத் தொட்டு "ஆறு, மிஸ்!" என்று கத்துவார்கள். இப்போது ஐவருக்கும் ஆறு வரை தண்ணீர் பட்டபாடு. இந்த யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொள்

மேசை ஆடுகிறது

திங்கள், 15.20

நிலா அதிர்வு. பெரியது. நடைபாதையின் கூரை பிளந்து காற்று முழுதும் வெளியேறிவிட்டது. என் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, வகுப்பறைக் கதவும் அப்படியே. நடுவில் இருப்பது ஒரு கூடத்து நீளம்தான். என் விண்ணுடை அந்த நடைபாதையின் அலமாரியில் தொங்குகிறது. கதவுக் கண்ணாடி வழியாக அது தெரிகிறது என்பது கூடுதல் எரிச்சல்.

வகுப்பறைக்குச் சேதமில்லை. கேமரா வேலை செய்கிறது. தூங்கவைக்கும் பாட்டுக்காகச் சுவரில் மாட்டிய சிவப்பு ஸ்பீக்கரும் வேலை செய்கிறது. பேசவும் கேட்கவும் எங்களுக்கு இனி அது ஒன்றுதான்.

ஐவரும் எழுந்து அழுதுகொண்டிருந்தார்கள். "மிஸ் இங்கதான் இருக்கேன்" என்றேன். அழுகை நின்றது. எல்லோரும் ஸ்பீக்கருக்குக் கீழே வந்து உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்த்தார்கள். டெனிஸ் அதன் மேல் கையை வைத்துக்கொண்டான். என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய், 09.10

துருவத்திலிருந்து தொடர்பு கிடைத்தது. பேசியவர் கமருன்னிசா. துருவத்திலிருந்து இந்தக் குகை வரை தூண்கள் மேல் பெட்டி ஓடும் சரக்குப் பாதையின் பொறுப்பாளர், ஷிஃபானாவின் தாய்.

"டீச்சர், சரக்குப் பாதை மட்டும்தான் தப்பிச்சிருக்கு. அதுலயும் தூணெல்லாம் விரிசல். பெட்டி ஒரு தடவை வந்து திரும்பறதே பெரிசுன்னு சொல்றாங்க. பெரியவங்க யாராவது ஏறி வந்தா பிள்ளைங்களுக்கு இடம் பத்தாது. வெறும் பெட்டியத்தான் அனுப்புறோம். பிள்ளைங்களே ஏறி, பெல்ட்டு மாட்டி, உள்ள இருந்து கதவை இழுத்துப் பூட்டணும். பூட்டு விழுந்தாத்தான் பெட்டி நகரும். செஞ்சிடுவாங்களா டீச்சர்?"

"செஞ்சிடுவாங்க" என்றேன். இப்படி ஒரு பதிலை எந்தப் படிவத்திலும் நான் எழுதியதில்லை.

"நீங்க?"

சரக்குப் பெட்டி வகுப்பறையின் பின்கதவுக்குத்தான் வரும். எனக்கு வழியில்லை.

"மேல இருந்து தோண்டி வர்றோம். விட்டுட மாட்டோம்."

எத்தனை நாளாகும் என்று கேட்டேன். இரைச்சல் மட்டும் வந்தது. இரைச்சல் இல்லாவிட்டாலும் அவர் பதில் சொல்லியிருக்க மாட்டார். வகுப்பறையில் காற்று வெள்ளிக்கிழமை வரை தாங்கும். என் அறையில் சனிக்கிழமை வரை. தோண்டுகிறவர்கள் அதற்குள் வர முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செவ்வாய், 16.30

நாள் முழுதும் பாடம். பள்ளிப் பையின் கொக்கியும் பெல்ட்டின் கொக்கியும் ஒரே மாதிரி, ஆகவே பைகளை மடியில் வைத்துப் பயிற்சி. இதுவரை ஒரு பிள்ளைக்கு விரல் வரவில்லையென்றால் அதன் விரல் மேல் என் விரலை வைத்து அழுத்துவேன், இரண்டாம் தடவை அதுவே செய்துவிடும். இன்று குரலால் அழுத்த வேண்டியிருந்தது. பரிதி பையை எறிந்தான். கேமராவில் அவன் வாய் ஆதினியின் தோள் பக்கம் போவதைப் பார்த்தேன். நான் கூப்பிடுவதற்குள் அவனே நின்று, "மிஸ், பயம் வயித்துல இருக்கு" என்றான். எனக்கும் அங்கேதான் இருக்கிறது என்று சொன்னேன். அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது போலும், பையை எடுத்து வந்தான்.

டெனிஸ் கழிப்பறைக்குத் தனியாகப் போய்விட்டு வந்தான். வாசலில் நின்று ஒவ்வொரு கட்டமாக அறிவித்தான். "இப்ப தண்ணி ஊத்துறேன் மிஸ். இப்ப சோப்பு போடுறேன் மிஸ்." படிவத்தில் 'துணையுடன்' என்பதை அடித்து 'தானாக' என்று திருத்தினேன். அவனைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது. திருத்தியதோடு சரி.

புதன், 11.00

பெட்டி வந்துவிட்டது. பின்கதவோடு சரியாகப் பொருந்தி நிற்கிறது. கதவுக் கண்ணாடி வழியாகக் கேமராவில் தெரிகிறது: உள்ளே சின்ன இருக்கைகள், பெல்ட்டுகள், யாரோ ஒட்டிய யானைப் படம்.

வரிசையில் நிற்கச் சொன்னேன். நின்றார்கள். ஷிஃபானா எண்ணினாள். ஐந்தாவதாக டெனிஸின் தலையைத் தொட்டுவிட்டு, அவனுக்குப் பின்னால் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"மிஸ் வரல" என்றாள். "கதவைத் தொறக்கக் கூடாது."

ஐவரும் வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

புதன், 17.15

இது பிடிவாதம் இல்லை. துருவத்தில் யாரும் அவர்களைத் திட்ட வேண்டாம். நான்கு வயதில் விதி என்பது விதி. அதை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள், இன்றைக்கு மட்டும் மாற்றலாமா என்பதெல்லாம் ஏழு எட்டு வயதில் வரும் யோசனை. இதைப் பற்றித்தான் நான் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கினேன்.

"இன்னிக்கு அஞ்சு போதும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

செங்கொடி எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "நீங்கதான மிஸ் சொன்னீங்க? எல்லாரும் வந்தாத்தான் கதவு. யாராவது வரலைன்னா அவங்க வெளிய மாட்டிக்குவாங்க. அப்புறம் மூச்சு விட முடியாது. நீங்கதான் சொன்னீங்க."

சொன்னேன். படம் வரைந்தும் காட்டியிருக்கிறேன்.

வியாழன், 10.20

"நீங்க முன்னாடி போங்க, மிஸ் அப்புறமா வரேன்" என்று பொய் சொன்னேன். நல்லது என்று எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். பொறுமையாகக் காத்திருக்கவும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். இந்த முகாமில் என்னைவிடக் கெட்டிக்கார ஆசிரியை கிடையாது.

அடுத்து விளையாட்டாக ஒரு வழி. "இன்னிக்கு ஷிஃபானாதான் மிஸ்!" அவளுக்கு ஒரே குஷி. கடைசியில் போய் நின்று என்னைப் போலவே குனிந்தாள். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆதினி எண்ணினாள். நான்கு பிள்ளைகள், அப்புறம் "அஞ்சு, மிஸ்!" என்றாள். உடனே முகம் மாறியது.

"அப்ப ஷிஃபானா எங்க?"

ஐவரும் ஷிஃபானாவைத் தேடினார்கள். ஷிஃபானாவும் சேர்ந்து தேடினாள்.

அடக்க முடியாமல் சிரித்தேன்.

வியாழன், 16.50

கத்திவிட்டேன். "ஏறுங்கன்னா ஏறணும்!" என்று ஸ்பீக்கர் அதிரும்படி கத்தினேன். டெனிஸ் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டான். மற்றவர்கள் மேசைக்கு அடியில் போய்விட்டார்கள். ஷிஃபானா அவனுக்கு மாற்றுக் கால்சட்டை எடுத்துக் கொடுத்தாள், செங்கொடி தரையைத் துடைத்தாள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றான் டெனிஸ். "உங்களுக்குக் கோவமா இருக்கா?"

பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அவர்களைத் தொட முடியாமல் இப்படி உட்கார்ந்திருப்பது என்னால் தாங்க முடியவில்லை. கண்ணாடித் திரையில் விரல் வைத்தால் ஐந்து பேரும் என் நகத்தளவுதான் இருக்கிறார்கள்.

வெள்ளி, 08.40

வகுப்பறையில் காற்று கெட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். ஆதினி தலை வலிக்கிறது என்கிறாள்.

கமருன்னிசாவின் குரலை ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டேன். "ஷிஃபாம்மா, உம்மா பேசுறேன். பெட்டில ஏறி வாங்க கண்ணு. உம்மா வாசல்ல நிக்கிறேன்."

"மிஸ் வரட்டும் உம்மா, வர்றோம்."

"டீச்சர் வர மாட்டாங்கம்மா, அவங்களால..."

"அப்ப நாங்க இருக்கோம் உம்மா. மிஸ் தனியா இருப்பாங்க."

நான் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். இதையும் பதிவு செய்கிறேன், அழுதேன்.

வெள்ளி, 10.05

செங்கொடி ஸ்பீக்கருக்குக் கிட்டே வந்து அதன் ஓட்டைகளுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"மிஸ், நீங்க இதுக்குள்ளதான இருக்கீங்க?"

வேறு நாளாக இருந்தால் குரல் எப்படி ஒயர் வழியாக வருகிறது என்று ஒரு பாடமே நடத்தியிருப்பேன்.

"ஆமா" என்றேன்.

"அப்ப நீங்களும் வரலாமே? நாங்க தூக்கிட்டுப் போறோம்."

ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். டெனிஸ் நாற்காலியை இழுத்து வந்தான். பரிதி ஒயரைப் பிடித்தான். நான் "நில்லு!" என்றேன்.

அந்த ஒயரைப் பிடுங்கினால் என் குரல் அவர்களுக்குப் போகாது, அவர்கள் குரல் எனக்கு வராது. மறுபடி சொருகிப் பேச வைக்க நான்கு வயதுக்காரர்களை நம்ப முடியாது. நம்பவும் கூடாது, சுவரில் சொருகினால்தான் பேச்சு வருகிறது என்றால் நான் ஸ்பீக்கருக்குள் இல்லை என்று தெரிந்துவிடும். ஆகவே சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

சொன்னேன். எண்ணணும். கதவைத் திறந்து ஏறணும். மிஸ்ஸை ஒரு இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் போடணும். அவங்கவங்க பெல்ட், டக்குன்னு சத்தம் கேட்கிற வரைக்கும். கடைசியாகச் செங்கொடி மஞ்சள் கைப்பிடியை இழுக்கணும், அதுவும் டக்குன்னு சத்தம் கேட்கிற வரைக்கும். திருப்பிச் சொல்ல வைத்தேன். ஷிஃபானா பிசகாமல் சொன்னாள். மறுபடி சொல்ல வைத்தேன். மறுபடியும். இன்னொரு தடவையும் கேட்டேன், அது அவர்களுக்காக அல்ல, குரலைக் கேட்பதற்காக.

"மிஸ் உள்ள தூங்கிடுவேன். பேச மாட்டேன். பயப்படக் கூடாது."

"தூங்குங்க மிஸ்" என்றான் டெனிஸ். "நாங்க சத்தம் போட மாட்டோம்."

ஆதினி ஸ்பீக்கரைத் தட்டிக்கொடுத்தாள். பரிதி ஒயரைப் பிடுங்கினான்.

வெள்ளி, 10.40

கேமரா மட்டும். சத்தம் இல்லை.

எண்ணுகிறார்கள். ஷிஃபானா நால்வர் தலையையும் தொட்டு, தன் தலையையும் தொட்டு, டெனிஸ் கையிலிருக்கும் ஸ்பீக்கரின் உச்சியைத் தொடுகிறாள். வாய் அசைவது தெரிகிறது. என்னை அறியாமல் இங்கே நான் தலையைக் குனிந்தேன்.

பின்கதவைத் திறந்து ஏறிவிட்டார்கள், பெட்டியின் உள்பக்கம் கேமராவில் தெரிகிறது. ஸ்பீக்கருக்கு முதலில் பெல்ட். பரிதிக்குக் கொக்கி விழவில்லை. முகம் சிவக்கிறது. ஆதினி தன் விரலை அவன் விரல் மேல் வைத்து அழுத்துகிறாள். விழுந்துவிட்டது.

டெனிஸ் இறங்குகிறான். ஏன் இறங்குகிறான்? வகுப்பறைக்குள் ஓடுகிறான். டெனிஸ், போ. திரும்பிப் போடா.

கழிப்பறை. கிளம்புவதற்கு முன்னால் போய்விட்டு வர வேண்டும் என்பது என் விதி. கதவைச் சாத்திக்கொண்டான். நான்கு பேரும் காத்திருக்கிறார்கள். அவன் வெளியே வந்து, சோப்புப் போட்டு, விரல் இடுக்குகளையும் கழுவி, துடைத்து, துண்டை மடித்து வைத்து, ஐயோ டெனிஸ், ஏறிவிட்டான்.

மறுபடியும் எண்ணுகிறார்கள். எண்ணத்தானே வேண்டும்.

செங்கொடி கைப்பிடியை இழுக்கிறாள். நகரவில்லை. இரண்டு காலையும் சுவரில் முட்டுக்கொடுத்து இழுக்கிறாள்.

கதவு மூடிவிட்டது. பச்சை விளக்கு.

வெள்ளி, 11.30

பெட்டி போய்விட்டது. அது போன அதிர்வு என் நாற்காலி வரை வந்தது. அதன் பின்னால் வேறொரு அதிர்வும் வந்தது, கனமாக, வெகு நேரம். தூண்களாக இருக்கும். பெட்டி கடந்த பிறகா, கடக்கும்போதா என்று எனக்குத் தெரியாது. துருவத்தோடு பேசும் கம்பியும் அறுந்துவிட்டது. எழுத்துச் செய்தி மட்டும் செயற்கைக்கோள் தலைக்கு மேலே வரும்போது போகும், வரும்.

"வந்தாங்களா?" என்று அனுப்பியிருக்கிறேன்.

திரையில் வகுப்பறை. ஐந்து பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு குட்டிச் செருப்பு கிடக்கிறது. அது யாருடையது என்று தெரியும், எழுதினால் தாங்காது. பேசினால் கேட்பதற்கு அந்தப் பக்கம் ஆளும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. ஆனாலும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சனி, 07.15

கமருன்னிசாவிடமிருந்து: "அஞ்சு பேரும் வந்துட்டாங்க டீச்சர். சின்னக் கீறல்கூட இல்ல. ஷிஃபா என் மேல படுத்துத் தூங்குறா. அல்ஹம்துலில்லாஹ். உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

வாய்விட்டு ஐந்து பெயரையும் சொன்னேன். அதற்கே மூச்சு வாங்கியது.

சனி, 09.50

மறுபடியும் கமருன்னிசா: "டீச்சர், ஸ்பீக்கரைச் சுவத்துல சொருகச் சொல்லி ஒரே அழுகை. சொருகிட்டோம். அதை நடுவுல வெச்சு வட்டமா உக்காந்திருக்காங்க. ஆளாளுக்குப் பேசி முடிச்சாச்சு. இப்ப மிஸ் முறையாம். நாங்க வாயத் தொறந்தா செங்கொடி அதட்டுறா. ரொம்ப நேரமா அப்படியே இருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

காலை வட்டம். ஒவ்வொருவரும் நேற்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது. யோசிக்கிறவர்களை அவசரப்படுத்தவும் கூடாது. அவர்கள் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார்கள். நாளைக்கும்.

பேச விருப்பமில்லாதவர் "அடுத்து" என்று சொல்லிவிடலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், வட்டம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

என்னென்னவோ எழுதிப் பார்த்து அழித்தேன். டெனிஸுக்கு ஒரு வரி, பரிதிக்கு ஒரு வரி. பெரியவர்களின் வாயால் அதைக் கேட்டால் என்னைத் தேடி மறுபடியும் வரிசையில் நின்றுவிடுவார்கள்.

அனுப்பியது: "மிஸ் 'அடுத்து'ன்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க."

சனி, 11.20

"சொன்னேன் டீச்சர். செங்கொடி 'சரி'ன்னுட்டு உடனே அடுத்த சுத்து பேச ஆரம்பிச்சிட்டா. எல்லாரும் அவளையே பாக்குறாங்க."

இவ்வளவு சீக்கிரமாகவா. ஒரு நிமிடமாவது ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

இல்லை. நல்லது. இப்படித்தான் போக வேண்டும். என் வேலையே இதுதான். ஆனாலும் வலிக்கிறது, இங்கே வேறு யாரும் இல்லை, எழுதிவிடுகிறேன்.

விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எழுத்தைத் தேடித்தேடி அழுத்துகிறேன்.

செங்கொடி என்ன சொன்னாள் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். செயற்கைக்கோள் திரும்ப வரும்போது பதில் வரும். வரும் வரை முழித்துக்கொண்டு இருந்தால் போதும். பெட்டியைப் பற்றிச் சொன்னாளா, கைப்பிடியை இழுத்ததைச் சொன்னாளா, காலை முட்டுக்கொடுத்து அவள் இழுத்ததை நான் பார்த்தேன் என்று யாராவது அவளிடம்

பச்சை விளக்கு. செய்தி வருகிறது போல. இதோ படிக்